காந்தா கையில் நெருப்பு வாள்

நெருப்பு வாளாம், அதுவும் பென்சிலால் காகிதத்தில் எழுதிய நெருப்பு வாள்... பஞ்சாட்சரம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார், கண்ணை மூடி என்ன, காது திறந்துதானே கிடக்கிறது, கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்துகொண்டு மைத்துனன் வாசிப்பது ஒரு சொல் தப்பாமல் வந்து விழுந்தது, வாளின் நீளம் மூன்றரை அடியாம், இருட்டில் முப்பதடிக்கு வெளிச்சம் போடுமாம், தொட்டதை எரிக்குமாம், பிடித்திருக்கிற கையை மட்டும் சுடாதாம்... ஏன் சுடாது? நுனியில் பழுக்கக் காய்ந்த இரும்பு பிடியில் மட்டும் எப்படிச் சில்லென்று இருக்கும், இதை எந்தக் கொல்லன் பட்டறையில் பார்த்தான்? அமெரிக்காவில் போய் இஞ்சினீயரிங் படித்து அங்கேயே உத்தியோகமும் பார்க்கிறவன், திருஞானசம்பந்தம் என்று பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே சாம் என்று கத்தரித்துக்கொண்டவன், ஒரு மாத லீவில் பெண் பார்க்க வந்து நாலு வீட்டில் கேசரி தின்றுவிட்டு நாலு வீட்டிலும் பிடிகொடுக்காமல் எழுந்து வந்தவன், பெட்டியைத் திறந்தால் அக்காவுக்கு ஒரு சென்ட் பாட்டில், மாமாவுக்கு ஒரு பேனா, அடியில் துணி சுற்றிப் பத்திரமாக இந்த விளையாட்டு. மூன்று சின்னப் புத்தகம், ஒரு பை நிறையப் பகடை, நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் உள்ள பகடைகள். பலகை கிடையாது, காய் கிடையாது, ஒருத்தன் கதை சொல்ல மற்றவர்கள் அந்தக் கதைக்குள் நுழைந்து நான் இன்னார், நான் இதைச் செய்கிறேன் என்று பேச வேண்டுமாம், சண்டை வந்தால் பகடை உருட்டி யார் ஜெயித்தது என்று பார்க்க வேண்டுமாம். மீசை முளைத்த ஆண்பிள்ளைகள் அங்கே காலேஜில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து இதைத்தான் செய்கிறார்களாம், சந்திரனுக்கு ஆள் அனுப்பிய தேசம்... அனுப்பிய பிறகு வேலையில்லாமல் போய்விட்டது போலிருக்கிறது.

இங்கே பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைவிட அழகு. ஒருத்தி அவர் மனைவி கமலவேணி, வாரப் பத்திரிகையில் எவளாவது அழுதால் தானும் அழுகிறவள், தம்பி கல்லைக் கொடுத்து மிட்டாய் என்றாலும் இனிக்குது என்பாள். இந்தக் கதையில் அவள் மருத்துவச்சியாம், காயம்பட்டவரைத் தொட்டால் ஆறிவிடுமாம், வீட்டில் ஒரு தலைவலித் தைலத்தை இருக்கிற இடத்தில் வைக்கத் தெரியாதவள். இன்னொருத்தி அவருடைய தங்கை காந்தா. அவள் வீராங்கனையாம்! முப்பத்தொரு வயதில், வாசலில் தபால்காரன் மணியடித்தால் உள்ளே ஓடிப்போய் அண்ணியைக் கூப்பிடுகிறவள், கேட்டதற்கும் ம், கேட்காததற்கும் ம் என்கிறவள், அவள் கவசம் போட்டுக்கொண்டு குகைக்குள் போகிறாளாம். போகட்டும், இன்று ஒரு நாள்தானே... நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் அவரே கூட்டிக்கொண்டு போய்த் தாமலில் புருஷன் பரமசிவம் வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டியது, எல்லாம் பேசி முடித்தாயிற்று, போன வாரம் அவரே நேரில் போய்ப் பெரியவர்களை வைத்துப் பேசியது. இரண்டு வருஷம் இரண்டு மாதம் அண்ணன் வீட்டில் இருந்தாயிற்று, இந்தப் பிள்ளையாம்பாளையத்துத் தெருவில் ஒரு தறி விடாமல் கேட்டாயிற்று, உங்க தங்கச்சி இன்னும் ஊருக்குப் போகலையா என்று, தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற மாதிரி வீடு வீடாக ஓடிய கேள்வி. ஓடுகிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க அவரால் முடியாது. அவர் டிசைன் எழுதுகிறவர், இருபத்திரண்டு வருஷமாகக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பட்டுப் புடவையின் முந்தியும் கரையும் கட்டத்தாளில் எழுதித் தருகிறவர், ஒரு கட்டம் என்றால் ஒரு இழை, ஒரு கட்டம் பிசகினால் யாளிக்குத் தும்பிக்கை கோணும், அவர் யாளிக்கு இன்றுவரை கோணியதில்லை. அந்தக் கட்டத்தாளில்தான், கேட்காமல் கொள்ளாமல் ஒரு டஜன் தாளை எடுத்து, இந்தப் பயல் குகை வரைந்து வைத்திருக்கிறான்.

குகையின் மூன்றாவது அறையில் ஒரு கல்பெட்டி, அதற்குள் வாள். யாருக்கு என்றான் சம்பந்தம், கமலவேணி எனக்கு எதுக்குடா கத்தி, நான் வைத்தியக்காரி, காந்தாவுக்குக் கொடு என்றாள். அவனும், எடுத்துக்குங்க காந்தா அக்கா என்றான். அக்காவாம்... முறைக்கு அக்கா என்று கூப்பிடக்கூடாத பெண், தன் அக்காவின் நாத்தனாரை அக்கா என்கிறான், விமானத்தில் ஏறும்போதே முறையையும் கீழே போட்டுவிட்டு ஏறியிருக்கிறான். காந்தா சொல்லவேண்டியதைச் சொன்னாள், ம். ஆனால் விளையாட்டு அதோடு விடவில்லை. வாள் சும்மா எரியாதாம், வைத்திருக்கிறவர் ஒரு சொல்லைச் சொன்னால்தான் தீ பிடிக்குமாம், அந்தச் சொல்லை அவரே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். என்ன சொல் வேண்டுமானாலும் வைக்கலாம் என்றான் சம்பந்தம். பஞ்சாட்சரம் மூடிய கண்ணுக்குள் சிரித்துக்கொண்டார், இவள் என்ன சொல்லப்போகிறாள், முருகா என்பாள், இல்லையென்றால் காமாட்சி என்பாள், அதுவும் அண்ணி எடுத்துக்கொடுத்தால்... எதிர் வீட்டுத் தறிச் சத்தம் நாலைந்து தடவை வந்து போயிற்று. இவ்வளவு நேரமா யோசிப்பார்கள் ஒரு சொல்லுக்கு? பிறகு காந்தா சொன்னாள், மெதுவாகத்தான், ஆனால் அவருக்குக் கேட்டது.

"வேணாம்."

கமலவேணி புரியாமல், வாள் வேணாமா உனக்கு என்றாள். இல்லை அண்ணி, அதுதான் சொல், நான் வேணாம்னு சொன்னா அது எரியணும் என்றாள் காந்தா. கமலவேணி கலகலவென்று சிரித்தாள். சம்பந்தம் சிரிக்கவில்லை, காகிதத்தில் எழுதிக்கொள்ளும் பென்சில் சத்தம் கேட்டது. இது ஒரு சொல்லா, ஆயுதத்துக்கு வைக்கிற சொல்லா, சோறு பரிமாறும்போது கையைக் குறுக்கே நீட்டிச் சொல்கிற சொல்... மந்திரம் மாதிரி ஒன்று வைக்கத் தெரிந்ததா பார். ஆனால் இவள் அதைச் சோற்றுக்குக்கூடச் சொல்லிக் கேட்டதில்லையே, போட்டதைச் சாப்பிடுகிறவள், கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை போட்டோவை நீட்டியபோதும் அதேதான், ம். பத்து வருஷம் ஆகிறது, அந்தப் போட்டோவை நீட்டியது யார்... அவர்தான், அப்பா போன பிறகு வேறு யார் நீட்டுவார்கள்? நல்ல இடம், சொந்தத்தில் நாலு தறி, ஏரிக்கரைப் பக்கம் கொஞ்சம் நிலம், மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராத ஆள். குனிந்த தலை நிமிராத ஆள்தான் பிறகு... சரி, எந்த வீட்டில் இல்லை, கோபம் வந்தால் கை நீளத்தான் நீளும், அதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்களா?

இப்போது குகைக்குள் காந்தா பேச ஆரம்பித்திருந்தாள், அதுதான் வேடிக்கை. வாளை வைத்துக்கொண்டு எதையாவது வெட்டினாளா என்றால் இல்லை, அதற்குக்கூடத் துப்பில்லை, பாறைக்குப் பின்னால் பதுங்கியிருந்த ஏதோ பூதத்துக்கு வெளிச்சத்தைக் காட்டி, நீ அந்தப் பக்கம் போய்க்கோ, நாங்க இந்தப் பக்கம் போறோம் என்று வழி விட்டாள். ஆற்றில் நனைந்த அண்ணியின் துணியை வாளின் சூட்டில் காயவைத்தாள். இது அடுப்பு பத்த வைக்குமா என்று கேட்டு, வைக்கும் என்றதும் குகைக்குள் சோறு வடித்தாள். பஞ்சாட்சரத்துக்கு எரிச்சலாக வந்தது, அமெரிக்காக்காரன் மந்திர வாள் ஒன்றைக் கொடுத்தால் இவர்கள் அதையும் சமையலறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள், வேறு என்ன தெரியும். சம்பந்தம் பொறுமையாகச் சொன்னான், வாளை உறையில் போட்டால் தீ அணைந்துவிடும், தூங்கும்போது போட்டுக்கொள்ளலாம், யாரும் பார்க்க மாட்டார்கள், பாதுகாப்பு.

"உறையில போடமாட்டேன்" என்றாள் காந்தா. "எரிஞ்சுக்கினே இருக்கட்டும். தூங்கும்போதும்தான். கிட்ட வர்றவங்க முகம் எனக்குத் தெரியணும்."

கமலவேணி இந்த முறை சிரிக்கவில்லை. பஞ்சாட்சரம் கண்ணைத் திறந்தார். காந்தா பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள், எப்போது செருகினாள்... சரி, அவருக்கு எதற்கு அது, அவர் கண் போனது அவள் முன்னால் கிடந்த கட்டத்தாளுக்கு. என்ன கண்றாவி இது! அறைகளைக் கட்டத்தின் மேலேயே குறுக்காகக் கோடு போட்டுப் பிரித்திருக்கிறான், வாசற்படி பாதிக் கட்டத்தில் நிற்கிறது, பாதை ஒரு இடத்தில் இரண்டு கட்டம், இன்னோர் இடத்தில் இரண்டேகால், பத்தடிக்கு ஒரு கட்டம் என்று மேலே எழுதியிருக்கிறான், இரண்டேகால் கட்டப் பாதையை எந்தக் கொத்தன் கட்டுவான்? பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து போய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, கொண்டாடா அதை என்று தாளை வாங்கி, ரப்பரை வாங்கி, கோடுகளையெல்லாம் அழித்துக் கட்டத்தின் விளிம்போடு சேர்த்துத் திரும்பப் போட்டார். பத்து நிமிஷத்தில் குகை குகையாக ஆயிற்று. சம்பந்தம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான், மாமா, நீங்க எங்க ஊர்ல இருந்தா உங்களத் தலையில தூக்கி வெச்சிக்கினு ஆடுவாங்க என்றான், வெள்ளைக்காரன் தலையில் ஏறி உட்கார அவருக்கு என்ன அவசியம்... ஆனாலும் மூலையில் ஒரு பெரிய அறையை அவரே சொந்தமாகச் சேர்த்தார், பன்னிரண்டுக்குப் பதினாறு, நாலு தூண், நடுவில் ஒரு சிம்மாசனம். இங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டான் சம்பந்தம். ராஜா இருக்கிறான் என்றார். அப்படியானால் அந்த ராஜாவாக நீங்களே பேசுங்கள், வாள் அவனுடையது, இவர்கள் எடுத்து வந்துவிட்டார்கள், வெளியே போகிற கதவு அவன் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்றான். என்ன பைத்தியக்காரத்தனம், நாற்பத்தாறு வயதில்... இல்லையென்று சொல்லி எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. ஒருத்தராவது ஒழுங்காகப் பேசிக் காட்ட வேண்டாமா?

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நாடகத்தில் பேசுகிற மாதிரி, யாரங்கே என்றார். கமலவேணி பயந்த மாதிரி நடித்தாள், மோசமான நடிப்பு. காந்தா நடிக்கவில்லை, நாங்க இந்தக் கதவு வழியா வெளிய போகணும், வழி விடுங்க என்றாள், கூடத்தில் பேசுகிற குரலிலேயே. ராஜாவிடம் பேசுகிற முறையா இது? அவர் குரலை உயர்த்தினார். பெண்பிள்ளைக்கு எதற்கு வாள், அதைக் கீழே வைத்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போ என்றார். சொன்ன பிறகு வாயில் அந்தச் சொற்கள் ஏற்கெனவே பழகினவை மாதிரி இருந்தன, வந்த வழியே திரும்பிப் போ... எங்கே சொன்னார் அதை? இங்கேதான், இந்த வீட்டு வாசற்படியில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாலை, பெட்டியோடு அவள் வந்து நின்றபோது, தெருவில் நாலு பேர் பார்க்கிறார்களே என்கிற பதற்றத்தில். சொன்னாரே தவிர அனுப்பிவிடவில்லையே, கமலவேணி பெட்டியை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள், அவரும் பேசாமல் இருந்துவிட்டார், அது பெரிய மனசு இல்லையா? அதையெல்லாம் யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். காந்தாவின் முகத்தைப் பார்த்தார், ஞாபகம் வைத்திருந்தாள்.

"வேணாம்" என்றாள் அவள்.

வாள் எரிகிறது என்றான் சம்பந்தம், ரொம்பத் தாழ்ந்த குரலில். கூடத்தில் எதுவும் எரியவில்லை, எப்படி எரியும், வெயில் ஜன்னல் வழியாகப் பாயின் ஒரு மூலையில் விழுந்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அவருக்குக் கழுத்தில் வியர்த்தது. சம்பந்தம் விதியைச் சொன்னான், இருபது முகப் பகடையை இரண்டு பேரும் ஒரு தடவை உருட்டவேண்டும், பெரிய எண் ஜெயிக்கும், ராஜா ஜெயித்தால் வாள் பறிபோய்விடும், அவர் சொன்னபடி காந்தா திரும்பிப் போக வேண்டும், காந்தா ஜெயித்தால் கதவு திறக்கும். காந்தா உருட்டினாள், பதினொன்று விழுந்தது. பதினொன்று பெரிய எண்ணா, சின்ன எண்ணா, நடுவில் எங்கேயோ... பஞ்சாட்சரம் பகடையை எடுத்தார், நீலப் பிளாஸ்டிக், இலந்தைக் கொட்டை அளவு, ஒரு பெரிய மனுஷன் கையில் பிடிக்கிற சாமானா இது, அலட்சியமாக உருட்டினார். அது பாயைத் தாண்டி உருண்டு, அவர் முட்டிக்குப் பக்கத்தில் நாற்காலிக் காலின் ஓரமாகப் போய் நின்றது. அவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத இடம். குனிந்து பார்த்தார். பத்தொன்பது.

"எவ்வளவு மாமா?"

"ரெண்டு" என்றார், சொல்லிக்கொண்டே பகடையை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டார். கமலவேணி கைதட்டினாள், சம்பந்தம் கதவு திறக்கிறது, வெளியே மலை, காற்று, அப்படி என்னவோ சொல்லிக்கொண்டே போனான், அவர் காதில் விழவில்லை. எதற்குச் சொன்னார் ரெண்டு என்று? பாவம் பார்த்தாரா, பாவம் பார்க்க இதில் என்ன இருக்கிறது, பெண்களும் ஒரு பைத்தியக்காரப் பயலும் ஆடுகிற ஆட்டம், சீக்கிரம் முடியட்டும் என்று சொல்லியிருப்பார், அப்படித்தான், காபி நேரம் ஆகிவிட்டதே... ஆனால் அவர் எண்ணைத் தப்பாகச் சொல்கிறவர் இல்லை. ஒரு இழை கூடவோ குறையவோ எழுதாதவர், எழுத்தில் நானூற்றி எண்பது என்றால் தறியில் நானூற்றி எண்பதுதான் இருக்கும். அந்த வாய், கண் பத்தொன்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரெண்டு என்று சொல்லிற்று, ஒரு தடங்கலும் இல்லாமல், ஏதோ தினமும் செய்கிற வேலை மாதிரி. காந்தா கைதட்டவில்லை என்பதையும் கவனித்தார். அவள் அவருடைய மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமலவேணி காபி போட எழுந்து போனாள், சம்பந்தம் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனான். பாயில் அவரும் தங்கையும் மட்டும் மிச்சம். அவளோடு தனியாக உட்கார்ந்து எவ்வளவு நாள் ஆயிற்று, என்ன பேசுவது, நாளைக்கு பஸ்ஸுக்கு ஆறரைக்கே கிளம்பினால்தான் உட்கார இடம் கிடைக்கும் என்று சொல்லலாம்... அதைச் சொல்லத்தான் வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணா, தாமல்ல அவரு என்னா சொன்னாரு?"

எல்லாம் பேசியாயிற்று என்று அன்றே சொன்னேனே என்றார், எரிச்சலை வரவழைத்துக்கொண்டு. எத்தனை தடவை சொல்வது, இனிமேல் அப்படி நடக்காது என்று பெரியவர்கள் முன்னால் பேசி முடித்ததை மறுபடி மறுபடி கேட்டால்...

"நீ சொன்னது தெரியுது. அவரு வாயத் தொறந்து என்னா சொன்னாரு? இனிமே கை நீட்டமாட்டேன்னு சொன்னாரா?"

சொன்னாரு, என்று நாக்கு நுனிவரை வந்தது. வந்து நின்றது. ஏன் நிற்கிறது, ஒரு சொல்தானே... தாமலில் பரமசிவத்தின் வீட்டு வாசல், வேப்பமரத்து நிழலில் நாலு நாற்காலி, நடுவில் ஊர்ப் பெரியவர் அப்பாதுரை, மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள், உப்பு அதிகம், அதுகூட ஞாபகம் இருக்கிறது. அப்பாதுரை ஏரியில் தண்ணீர் இல்லாததைப் பற்றிப் பேசினார். பிறகு விஷயத்துக்கு வந்தார்கள். பரமசிவம் எங்கே உட்கார்ந்திருந்தார்... படியில், ஒரு தீக்குச்சியைச் சின்னச் சின்னதாக ஒடித்துக்கொண்டு. அப்பாதுரை அவரைப் பார்த்து, என்னாபா சொல்ற என்றார். அப்போது யாரோ சொன்னார்கள், நடந்தது நடந்துபோச்சு, இனிமே அப்படி நடக்காது, மாப்பிள்ளைக்கு அது தெரியாதா என்று. கணீரென்று சொன்ன குரல்... அது பரமசிவத்தின் குரல் இல்லை. அப்பாதுரையின் குரலும் இல்லை. அவர் எவ்வளவு தேடிப் பார்த்தாலும் அன்றைக்குப் பேசியதெல்லாம் தன் குரலாகவே கேட்டது, கேள்வியும் அதுதான், பதிலும் அதுதான். பரமசிவம் பேசினது ஒரே ஒரு தடவை, கடைசியில் எழுந்திருக்கும்போது, குச்சித் துண்டுகளைத் தட்டிவிட்டு, எப்ப கொண்டாந்து விடறீங்க என்று.

சமையலறையில் கமலவேணி காபி ஆற்றுகிற சத்தம் கேட்டது. எதிர் வீட்டில் தறி நின்றிருந்தது. காந்தா பதிலுக்காக உட்கார்ந்திருந்தாள், அவசரமில்லாமல், எழுந்து போகிற உத்தேசமே இல்லாதவள் மாதிரி.

"அவரு ஒண்ணும் சொல்லலை" என்றார் பஞ்சாட்சரம்.

அவள் முகம் மாறவில்லை, அவளுக்கு அது புதுச் செய்தியாகவும் தெரியவில்லை. அவருக்குத்தான் புதிதாக இருந்தது... இருந்ததா? இப்போதுதான் தெரிந்ததா, இல்லை, திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காரியம் முடிந்தது, முடிந்தது என்று தனக்குத்தானே அத்தனை தடவை சொல்லிக்கொண்டு வந்தாரே, அப்போதே தெரியுமா?